நண்பர் கூடித் தாயம் ஆடுதல்

நால்வர் கூடித் தாயம் ஆட உட்காரும்போது முதற் பூசல் ஆட்டம் தொடங்குமுன்னரே எழுந்துவிடுகின்றது. "தாயம் விழுந்தால் மறுபடியும் போடலாம்" என்பார் ஒருவர். "எங்கள் ஊரில் அப்படியில்லை" என்பார் மற்றவர். மூன்றாமவர் தம் அம்மம்மாவைச் சாட்சிக்கு அழைப்பார். சதுரங்கத்துக்கு எழுதிவைத்த விதி உண்டு. இலண்டனில் ஆடினாலும் இணுவிலில் ஆடினாலும் குதிரை ஒரே விதமாகத்தான் பாயும். தாயத்துக்கோ எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டமென ஒன்றில்லை. பாயைச் சுற்றி அமர்ந்திருக்கும் கூட்டமே அதன் சட்டசபை. ஆகவே சோகியைக் கையில் எடுக்குமுன் வாயால் பேசி முடிக்கவேண்டியவை சில உண்டு. அவற்றைப் பேசாது தொடங்கிய ஆட்டம் பாதியிலே கலைவதைப் பலரும் கண்டிருப்பர்.

நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் கையில் எடுத்துக்கொண்டால் ஆட்டத்தைப் பின்தொடர்தல் எளிதாகும். ஒரு பெரிய சதுரம் வரைந்து, அதனை நெடுக்கில் 5, குறுக்கில் 5 ஆக 25 கட்டங்களாகப் பிரித்துக்கொள்க. நான்கு பக்கங்களிலும் நடுவிலுள்ள கட்டத்துக்கு ஒவ்வொரு பெருக்கற் குறி. சதுரத்தின் மையக் கட்டத்துக்கும் ஒன்று. குறியிட்ட இக்கட்டங்களை மலை என்று சொல்லும் வழக்கம் உண்டு. மலைமேல் நிற்பவனை எவரும் வெட்டமுடியாது. பக்கத்துக்கு ஒருவராக நால்வர் அமர்வர். ஒவ்வொருவருக்கும் நான்கு காய்கள். காய் என்பது ஒரு பெயரேயன்றி, அதற்காகக் கடைக்குச் செல்லவேண்டியதில்லை. ஒருவருக்கு உடைந்த வளையல் துண்டு, ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்கு ஈர்க்குத் துண்டு, ஒருவருக்குக் கூழாங்கல். ஒன்றோடொன்று மயங்காதிருந்தாற் போதும்.

போடுவதற்கு நான்கு சோகிகள். மல்லாந்து விழுந்தவற்றையே எண்ணவேண்டும். ஒன்று மட்டும் மல்லாந்தால் அது தாயம்; ஆட்டத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. இரண்டு, மூன்று, நான்கு என்பவை அந்தந்த எண். நான்கும் குப்புற விழுமாயின் அது எட்டு. சோகி கிடைக்காதவிடத்து, நான்கு புளியங்கொட்டைகளை ஒருபுறம் கல்லில் உரைத்து வெண்மையாக்கிக் கொள்வதுண்டு.

காய் தன் பக்கத்து மலையில் தாயம் விழுந்தாலன்றி இறங்காது. இறங்கியபின் ஆடுபவரின் வலப்புறமாகப் புறப்பட்டு வெளிவட்டத்தின் 16 கட்டங்களையும் சுற்றிவரும். தன் மலைக்கு முந்திய கட்டத்தை அடைந்ததும் உள்ளே திரும்பும். உள்வட்டத்தின் 8 கட்டங்களை எதிர்த்திசையிற் கடந்து மையத்தை அடையும். இறங்கிய இடத்திலிருந்து எண்ணினால் 24 அடி. மையத்திற் சேர்ந்த காயைப் பழம் என்பர். காயாகப் புறப்பட்டது பழமாகி வீடு சேர்கின்றது. இவ்வளவு பொருத்தமான பெயரை ஒரு புலவர் இருந்து யோசித்திருக்க இயலுமா என்பது ஐயமே. பழுப்பதற்கு எண் சரியாக விழவேண்டும். இரண்டு அடி எஞ்சியிருக்க மூன்று விழுந்தால் அந்தக் காய் அசையாது.

இனி, பேசி முடிக்கவேண்டியவை. தாயம், நாலு, எட்டு ஆகியவை விழுந்தால் மறுபடி போடும் உரிமை பெரும்பாலான வீடுகளில் உண்டு. அதே எண் தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் அது செல்லாது என்பார் சிலர். செல்லும் என்பார் சிலர். ஒருவருடைய இரு காய்கள் ஒரே கட்டத்தில் நின்றால் அவற்றை ஒற்றைக் காய் வெட்டலாமா? பாயின் ஓரத்திற் சாய்ந்து நின்ற சோகி மல்லாந்ததா, குப்புற விழுந்ததா? தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டுமா? இவற்றுள் எந்த விடையும் தவறன்று. எட்டு விழுந்த பின்னர் விடை தேடுவதுதான் தவறு. ஏனெனில் அப்போது கேட்கப்படுவது விதியன்று, ஒருவருடைய நன்மை.

முதற் சோதனை காத்திருத்தலாகும். சோகியின் இருபுறமும் ஒத்த தன்மையுடன் விழுமென்று கொண்டால், நான்கு சோகிகள் விழக்கூடிய 16 விதங்களில் 4 தாயமாகும். பித்தளைத் தாயக்கட்டைகளில் நிலைமை இன்னும் கடினம். நாற்பக்கம் கொண்ட அந்நீண்ட கட்டைகள் இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமை. இரு வெறுமையும் சேர்ந்தால் பன்னிரண்டு. ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் சேர்ந்தாற்றான் தாயம். அது 16இல் 2 முறையே. கணக்கின்படி, எட்டு முறை கட்டை உருட்டிய பின்னரும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒரு காயைக்கூட இறக்காமல் இருப்பார். மற்றவர்கள் சுற்றிவர, அவர் மட்டும் "தாயம், தாயம்" என்று வேண்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அவரைக் கேலி செய்வதற்கு ஓரளவு உண்டு. அந்த அளவை அறிந்த கூட்டமே நல்ல கூட்டம். பொறுமை குறைந்தோர் இருப்பின், முதற்காயை மட்டும் தாயமின்றி இறக்கலாமென்று ஏற்கனவே தீர்மானித்துக்கொள்வதில் இழிவில்லை.

இரண்டாவது சோதனை வெட்டுதல். ஒருவர் காய் நிற்கும் கட்டத்தில் மற்றவர் காய் சென்று சேர்ந்தால் முன்னது வெட்டுப்பட்டுக் கைக்குத் திரும்பும். மீண்டும் தாயம் விழுந்து, மீண்டும் முதலடியிலிருந்து நடக்கவேண்டும். வெட்டியவருக்கோ இன்னொரு முறை போடும் பரிசு. இதிலே பலர் கவனியாத விதி ஒன்றுண்டு: பிறர் காய் ஒன்றையேனும் வெட்டாதவர் உள்வட்டத்துள் நுழைதல் ஆகாது. அவர் காய் வெளிவட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்றும். மருமகன் மாமனாரின் காயை வெட்டத் தயங்குவார். பழைய மாணவர் தம் ஆசிரியரின் காயைத் தாண்டிப் பணிவாக அப்பாற் செல்வார். அந்தப் பணிவு நீடித்தால் எவர் காயும் பழுக்காது. விளக்கில் எண்ணெய் தீரும்வரை எல்லாரும் சுற்றிக்கொண்டே இருப்பர். வெட்டத்தான் வேண்டும் என்று ஆட்டமே கட்டளையிடுகின்றது. வெட்டிய கை அடுத்த சுற்றில் வெட்டுப்படும் என்பதும் அதில் அடங்கியிருக்கின்றது. முகம் சுளியாமல் தன் காயைத் தானே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் பெரியவர் இருக்கும் பாயில் இளையவர்கள் துணிந்து ஆடுவர். சுளித்துவிட்டாலோ, அன்றிரவு அவர் காயை ஒருவரும் தொடமாட்டார். ஆட்டமும் அத்தோடு சரி.

இங்கிலாந்தில் உரிமம் பெற்று, பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட லூடோ, இந்தியாவின் பச்சீசி ஆட்டத்திலிருந்து பிறந்தது. அதற்கு அச்சிட்ட விதித்தாள் உண்டு. வெட்டினாலன்றி வீடு இல்லை என்ற கட்டாயம் அதில் இல்லை. சிறுவருக்கு அது போதும். இந்த மண்ணின் ஆட்டங்களோ வேறு வகையின. சித்திரைப் புத்தாண்டில் சிங்கள மக்கள் சிரட்டையிற் சோகியைக் குலுக்கிப் போட்டு ஆடும் பஞ்ச என்னும் ஆட்டமும் கூட்டம் கூடி ஆரவாரத்தோடு ஆடப்படுவதே. இத்தீவின் கட்ட ஆட்டங்களை ஹென்றி பாக்கர் என்பார் 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விவரித்திருக்கின்றார். தமிழகத்தின் கீழடியில் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வுகளில் தந்தத்தாலான பகடையும் கிடைத்தது. அதை உருட்டியவர்கள் என்ன விதியை வைத்து ஆடினர் என்பதை மண் சொல்லவில்லை.

பகடை என்றதும் பாண்டவரும் நளனும் நினைவுக்கு வருதல் இயல்பு. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதைக் கடிவது. அந்தக் கண்டனம் பணயத்தைப் பற்றியதேயன்றிச் சிவராத்திரியில் கண்விழிக்க ஆடுவோரைப் பற்றியதன்று. ஆயினும் கூட்டத்தில் ஒருவர், "ஒரு சுவைக்காக ஐந்து ரூபாய் வைப்போமே" என்று சொல்லக்கூடும். அதற்கு இடம் கொடுத்தால் மேலே சொன்ன தீர்மானங்கள் எல்லாம் வீணாகும். பணம் வைத்த பாயில் சாய்ந்து நின்ற சோகியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது. பந்தயம் இல்லாமற் சுவைக்காது என்பவருக்குத் தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் ஊற்றவேண்டும் என்ற தண்டனை போதும்.

நான்கு காயும் முதலிற் பழுத்தவர் வென்றவர். அவர் எழுந்து போவது அழகன்று. எஞ்சிய மூவருக்கும் எண்ணிச் சொல்பவராக அவர் அமர்ந்திருப்பார். இனி அவருக்கு ஆதாயம் எதுவுமில்லையாதலால் அவர் சொல்லும் தீர்ப்பை எல்லாரும் ஏற்பர். இரண்டாமவரும் மூன்றாமவரும் பழுத்தபின் ஒருவர் எஞ்சுவார். தரையிற் கீறிய கட்டத்தை அவர் அழிப்பதா, அல்லது அடுத்த ஆட்டத்தில் முதலிற் சோகி போடும் உரிமையை அவருக்குக் கொடுப்பதா என்பதையும் தொடங்குமுன்னரே பேசிக்கொள்வது நன்று.