விழுந்தெழக் கற்பிக்கும் கலை



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் தற்காப்புக் கலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழலாம். பொருந்தும் என்றே கருதுகிறோம். எழுத்தறிவு நமக்கு மறுக்கப்பட்டது போலவே நிமிர்ந்து நடக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது. செருப்பணிதல், தோளில் துண்டிடுதல், எதிரே வருவோரை நேர் நோக்குதல் ஆகியவை தடுக்கப்பட்ட காலத்தில், அச்சம் நம் உடம்பிலேயே பாடமாக எழுதப்பட்டது. அப்பாடத்தை அழிக்க நூற்கல்வி மட்டும் போதாது. உடம்பும் கற்க வேண்டும். அவ்வகைக் கல்விகளுள் ஒன்று ஐகிடோ என்னும் ஜப்பானியக் கலை.

ஜப்பானில் இரு வாள் தரிக்கும் உரிமை நெடுங்காலம் சாமுராய் வகுப்பினருக்கே உரியதாக இருந்தது. அச்சமூகத்தின் அடித்தட்டில், தோல் பதனிடுதலும் இறந்த விலங்குகளை அகற்றுதலும் செய்த மக்கள் தீண்டத்தகாதோராய் ஒதுக்கப்பட்டிருந்தனர். 1871இல் அரசு அவ்விழிநிலையைச் சட்டத்தால் நீக்கியது. 1876இல் வாள் தரிக்கும் உரிமையையும் சாமுராய்களிடமிருந்து பறித்தது. ஆயினும் சட்டம் நீக்கியதை மனம் நீக்கவில்லை. எனவே ஒதுக்கப்பட்டோர் 1922இல் கியோட்டோ நகரில் சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தாமே தொடங்கினர். அந்நாட்டின் கலையைப் பேசுமிடத்து அந்நாட்டில் நம்மைப் போல் வாடியோரையும் நினைத்தல் முறையாகும்.

ஐகிடோவைத் தோற்றுவித்த மொரிஹெய் உயெஷிபா 1883இல் தனாபே என்னும் ஊரில் பிறந்தார். உயரம் ஐந்தடியைச் சற்றே கடந்தவர். 1915இல் ஹொக்கைடோ தீவில் சோக்காகு தகேதா என்னும் ஆசானைச் சந்தித்து, தைட்டோ-ரியூ என்னும் வெறுங்கைப் போர்முறையைப் பயின்றார். பின்னர் அதனைத் தம் வழியில் மாற்றியமைத்தார். 1931இல் டோக்கியோவில் பயிற்சிக்கூடம் நிறுவினார்; 1942 முதல் அக்கலை ஐகிடோ என வழங்கலாயிற்று. 'ஐ' என்பது இணைதல். 'கி' என்பது உயிராற்றல். 'டோ' என்பது நெறி. உயெஷிபா 1969இல் மறைந்தார்.

பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது? காலணியைக் களைந்து, பாய் விரித்த கூடத்துள் நுழைந்து, ஒருவரையொருவர் வணங்கித் தொடங்குவர். முதற்பாடம் அடிப்பது அன்று, விழுவது. முகவாயை மார்போடு ஒடுக்கித் தலையைக் காத்து, கையின் விளிம்பு, தோள், குறுக்காக முதுகு, எதிர்ப்பக்க இடுப்பு என வரிசையாக நிலத்தில் உருண்டு எழ வேண்டும். விழுவதற்கு அஞ்சாதவனே துணிந்து நிற்பான் என்பது இதன் உட்கருத்து.

அடுத்து, இருவர் இருவராகப் பயில்வர். ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பற்றுவார். முற்காலத்தில் வாளை உருவவொட்டாமல் தடுக்க மணிக்கட்டைப் பற்றினர், அவ்வழக்கமே பாடமாயிற்று. பற்றப்பட்டவர் விலகித் திரும்பி அவரை வீழ்த்துவார். பின்பு இருவரும் நிலை மாறுவர். வீழ்த்தியவர் வீழ்வார், வீழ்ந்தவர் வீழ்த்துவார். பெரும்பாலான பள்ளிகளில் போட்டியே இல்லை. தொடாமல் இக்கலையைக் கற்க இயலாது. தம் உடம்பை மற்றவர் காவலில் ஒப்படைக்காமலும் கற்க இயலாது. தொடுதலையே குற்றமாக்கிய சமுதாயத்தில் பிறந்த நாம் இதன் பொருளை எளிதில் உணர்வோம்.

இதன் அடிப்படை என்ன? ஒருவன் தள்ளும்போது நாமும் எதிர்த்துத் தள்ளினால் வலியவனே வெல்வான். அவன் விசை வரும் நேர்கோட்டிலிருந்து விலகி, அவனருகே புகுந்து திரும்பினால், அவ்விசை வெற்றிடத்தில் பாயும். உடலின் பாரம் பாதங்களைக் கடந்து செல்லும். அந்நிலையில் சிறு விசையே அவனை வீழ்த்தப் போதுமானது.

விட்டுக்கொடு என்னும் அறிவுரையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுச் சலித்தவர்கள் நாம். இதுவும் அதுதானா? அன்று. பணிபவன் தன் இடத்தை இழக்கிறான். ஐகிடோ பயின்றவன் தாக்குவோனின் இடத்திற்குள் புகுகிறான். 1927 மார்ச்சில் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரைப் பருகிய நம் மக்கள் தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கும் வலிமையுடைய முன்னாள் படைவீரர்கள் அக்கூட்டத்தில் இருந்தும், அண்ணல் அம்பேத்கர் அவர்களைத் தடுத்தார். அது பணிவன்று. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் குளத்தின் மீதான உரிமையை உறுதி செய்தது. மோத வந்த விசையை வேறு களத்தில் வென்ற செயல் அது.

இணக்கம் என்னும் சொல் மட்டுமே எவரையும் காக்காது என்பதையும் மறத்தலாகாது. 1930களிலும் உலகப்போர்க் காலத்திலும் உயெஷிபாவே ஜப்பானியப் படைப்பள்ளிகளில் கற்பித்தார். கலை யார் கையில், எதற்காக என்னும் வினாவை நாம் என்றும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நடைமுறைப் பயன் யாது? டோக்கியோ மாநகரக் காவல்துறையின் கலகத் தடுப்புப் படையினர் யோஷின்கான் என்னும் பள்ளியில் பல மாதங்கள் இதனைப் பயில்வதுண்டு. ஆயினும் இதனை மந்திரமாகக் கருதலாகாது. கூடத்தில் துணைவர் முறையறிந்து தாக்குவார். தெருவில் வருபவன் முறை பாரான். தேர்ச்சிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். கத்தியேந்தியவன் முன்னும் கும்பலின் முன்னும் ஓடித் தப்புவதே அறிவு. எதிர்ப்போரிடம் சோதியாத உத்தி இடருற்ற வேளையில் கைவிடும் என்று இக்கலையைக் குறை கூறுவோர் உரைப்பதில் உண்மை உண்டு.

எனில் நமக்குக் கிடைப்பது யாது? மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும், ஈரத்தரையில் வழுக்கினாலும் தலையைக் காக்கும் பழக்கம். எவரேனும் கையைப் பற்றினால் பதறாமல் மூச்சை நிறுத்தாமல் நிற்கும் திடம். எத்துணைத் தொலைவில் ஒருவர் நிற்கிறார் என்று அளக்கும் கண். தெருவில் நடக்கும் நம் பெண்மக்களுக்கு இம்மூன்றும் சிறு செல்வங்கள் அல்ல.

ஆதலின் இக்கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். தேர்ந்த ஆசான் கிடைக்குமிடத்து, விடுதி மாணவ மாணவியர்க்கு வாரம் இருமுறை இப்பயிற்சியை அளித்தல் வேண்டும். மெத்தைப் பாய்களும் ஒரு கூடமும் இருப்பின் தொடங்கலாம். எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை வெளியூரில் கல்லூரி வாசலை மிதிக்கும் நாளில், பட்டத்தோடு நிமிர்ந்த முதுகும் அவனுடன் செல்லட்டும், அவளுடனும் செல்லட்டும். நம்மை வீழ்த்துவோர் இன்னும் உளர். வீழ்ந்தால் எலும்பு முறியாமல் எழுவதும், எழுந்தபின் நம் இடத்தில் உறுதியாக நிற்பதும் கற்றுக்கொள்ளக் கூடியவையே.