எழுதப்படாத ஒருங்கிணைப்பு: மாநாட்டுத் தலைமை உரை



இந்தத் தலைமைப் பொறுப்பில் எனக்கு முன் இருந்தவர்களில் சிலர் எனக்குப் பாடம் சொன்னவர்கள். முன்வரிசையில் அவர்கள் அமர்ந்திருக்க, தலைமை உரைக்காக நான் எழுந்து நிற்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது, சொல்லவந்ததைச் சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்ற பதற்றமும் இருக்கிறது.

மேகக் கணிமை (கிளவுட்) வழியாகக் கட்டடத் தகவல் மாதிரியை (பிம்) பகிர்ந்து கட்டுமானக் குழுக்களை ஒருங்கிணைப்பது இம்மாநாட்டின் பொருள். இந்த அவைக்கு அடிப்படைகளைச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினி என்று சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இல் எழுதியது முதல், பிரிட்டன் அரசு தன் மையத் திட்டங்களுக்கு 2016இல் பிம்மைக் கட்டாயமாக்கியது, 2018இல் பிம் தகவல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை வெளிவந்தது வரை எல்லாம் நீங்கள் அறிந்தவை. மாதிரியைச் சர்வரில் வைப்பதா, கிளவுடில் வைப்பதா என்ற விவாதமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெரிய திட்டங்களில் அது கிளவுடில்தான் இருக்கிறது. ஆனால் அதனால் குழுக்கள் ஒருங்கிணைந்துவிட்டன என்று நாம் எழுதிவருகிறோமே, அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் கட்டுரைகளின் முதல் பத்தியிலேயே தவறாமல் வரும் ஓர் எண். அமெரிக்கத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் 1,580 கோடி டாலர். மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாததால் 2002இல் அந்நாட்டுப் பெரிய கட்டடத் துறைக்கு ஏற்பட்ட இழப்பின் மதிப்பீடு அது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டட உரிமையாளர், கட்டடத்தை இயக்குபவர் தலையில் விழுகிறது. அதிலும் பெரும்பகுதி கட்டி முடித்த பிறகு, பராமரிப்புக் காலத்தில் விழுகிறது. இதை அந்த அறிக்கையே சொல்கிறது. ஒப்பந்ததாரர்களுக்கு இடையே தளத்தில் ஒருங்கிணைப்பு இல்லாததற்கு அதே எண்ணை ஆதாரமாகக் காட்டும் நண்பர்கள், அறிக்கையின் சுருக்கத்தையாவது மறுபடி ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

அடுத்தது கிளாஷ் எண்ணிக்கை, அதாவது மாதிரியில் பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களின் எண்ணிக்கை. முதல் மாதம் இத்தனை ஆயிரம் கிளாஷ், ஆறாம் மாதம் இத்தனை நூறு, ஆகவே ஒருங்கிணைப்பு மேம்பட்டது என்று வரைபடம் போட்டுக் காட்டும் ஆய்வுமுறை ஒன்று நம்மிடையே வேரூன்றிவிட்டது. சென்ற மாநாடுகளிலும் நான் இதை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதில் சொன்னவர்கள் இன்றும் அவையில் இருக்கிறார்கள். ஒரே ஏ.சி. டக்ட் பத்து பீம்களைக் கடந்தால் மென்பொருள் அதைப் பத்து கிளாஷ் என்கிறது. டக்டின் மட்டத்தைச் சற்று இறக்கினால் பத்தும் ஒரே மூச்சில் மறைகின்றன. மோதலாக எண்ணாமல் விடும் அளவை (டாலரன்ஸ்) 10 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆக்கினால், யாரும் எதையும் தீர்க்காமலேயே எண்ணிக்கை சரிகிறது. மறுபுறம், குழாய் செல்வதற்காக ஸ்லாபில் விடவேண்டிய ஸ்லீவை மாதிரியில் எவருமே வரையவில்லை என்றால் அது எந்தப் பட்டியலிலும் வராது. இல்லாத பொருளோடு எதுவும் மோதுவதில்லை அல்லவா? தளத்தில் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் எந்திரத்தை வரவழைப்பது பெரும்பாலும் இப்படி விடுபட்டவைதான்.

நான் உண்மையில் பேச நினைத்தது அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் துறை படிக்காமல் வைத்திருக்கும் இரண்டு சிறு நூல்களைப் பற்றி. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஹிக்கின், ஜெசப் இருவரும் 1965இல் பிரிட்டனின் கட்டடத் தொழிலில் தகவல் தொடர்பு எப்படி நடக்கிறது என்று ஒரு முன்னாய்வு அறிக்கை வெளியிட்டார்கள். மறுஆண்டு அதே ஆய்வின் தொடர்ச்சியாக, ஒன்றையொன்று சார்ந்திருத்தலும் நிச்சயமின்மையும் என்ற பொருளில் இன்னொரு நூல் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் புதிய எந்திரமுறை தொழிலாளர் குழுக்களைக் குலைத்ததை 1951இல் ட்ரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் எழுதிக்காட்டியதும் இந்த நிறுவனத்திலிருந்துதான். தொழில்நுட்பத்தையும் அதை இயக்கும் மனிதர்களையும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று பழகிய கண்கள் அவை.

கட்டடத் தொழில் பற்றிய அந்த இரண்டு நூல்களும் கண்டது இது. கட்டடத் தொழிலின் முறையான ஏற்பாடுகள், அதாவது ஒப்பந்தம், வரைபடம், அளவுப் பட்டியல், கடிதம் எல்லாம் இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கின்றன. ஒவ்வொருவரின் வேலையும் தனித்தனியானது என்பது ஒன்று. வேலை தொடங்குமுன் எல்லாம் முடிவாகிவிடும் என்பது மற்றொன்று. நடைமுறையில் இரண்டுமே பொய். ஒருவர் வேலை இன்னொருவர் கையில் இருக்கிறது. பாதி விவரம் வேலை நடக்கும்போதுதான் தெரியவருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத ஒரு முறைசாரா ஏற்பாடு தானாகவே முளைக்கிறது. கட்டடத்தை எழுப்புவது அதுதான்.

இதைப் படித்துவிட்டு நம் தளங்களைப் பாருங்கள். மறுநாள் காலை கான்கிரீட். மாலையில் கம்பி கட்டி முடித்த பிறகு, ஒரு ஸ்லீவ் இல்லை என்று பிளம்பர் சொல்கிறார். முறையாக விளக்கம் கேட்கும் ஆர்.எஃப்.ஐ. போட்டுப் பதில் வாங்க ஒப்பந்தம் பல நாள் அவகாசம் தருகிறது; ரெடிமிக்ஸ் லாரி அதுவரை நிற்காது. சைட் இன்ஜினியர் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறார். ஆலோசகர் கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்புகிறார். கம்பி கட்டுபவரும் மேஸ்திரியும் அங்கேயே பேசி இரண்டு கம்பிகளை நகர்த்துகிறார்கள். காலையில் கான்கிரீட் விழுகிறது. கிளவுடில் உள்ள மாதிரியோ நேற்றிருந்தபடியே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் துளையிட வருபவருக்கு அந்தக் கட்டைவிரல் குறி கிடைக்கப்போவதில்லை.

வாட்ஸப்பை ஒழுக்கக்கேடாகவும், பயிற்சி கொடுத்துப் போக்கவேண்டிய பழக்கமாகவும் பார்க்கும் கட்டுரைகள் இந்த மாநாட்டுக்கும் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் உழைப்பை மதிக்கிறேன், முடிவை மறுக்கிறேன். 1966இல் விவரிக்கப்பட்ட முறைசாரா ஏற்பாட்டின் இன்றைய வடிவம் அது. அதைத் தடைசெய்தால் முடிவுகள் மாதிரிக்குள் வந்துவிடா. தொலைபேசிக்குப் போகும், பிறகு டீக்கடைக்குப் போகும். தளத்தின் நிச்சயமின்மையை யார், எந்த நேரத்தில், எந்த அதிகாரத்தோடு தீர்க்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மாதிரியை நாம் கொண்டுபோக வேண்டும். இந்தத் திசையில் ஓர் ஆய்வேடாவது நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எல்லோருக்கும் ஒற்றை மாதிரியா, துறைவாரி மாதிரிகளைச் சேர்த்த கூட்டு மாதிரியா என்ற பழைய வழக்குக்கு வருகிறேன். எல்லாத் துறையினரும் ஒரே கோப்பில், ஒரே நேரத்தில் வேலை செய்ய கிளவுட் வழிசெய்துவிட்டது, ஆகவே துறைவாரி மாதிரிகள் இனித் தேவையில்லை என்று மதிப்பிற்குரிய என் மூத்த நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார். அவரிடமிருந்து நான் கற்றது ஏராளம். ஆனாலும் ஐ.எஸ்.ஓ. 19650 வகுத்த பொதுத் தரவுச் சூழலின் தர்க்கம் வேறு. ஒரு குழு தன் வேலையைத் தனக்குள் வைத்துச் செய்கிறது, சரிபார்த்தபின் பகிர்கிறது. பகிர்ந்ததை மற்றவர்கள் பார்க்கலாம், பயன்படுத்தலாம். திருத்தும் உரிமை எழுதியவருக்கே. பீம் தவறினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. ஒரே கோப்பில் பல கைகள் புழங்கினால், யார் எப்போது எதை மாற்றினார் என்று மென்பொருள் குறித்துவைக்கும். அதை மாற்ற அவருக்கு உரிமை உண்டா என்பதை மென்பொருள் சொல்லாது.

ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தை என் நண்பர் எப்போதும் மேற்கோள் காட்டுவார். 430 கோடி பவுண்டு செலவில் எழுந்து 2008இல் திறக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஒற்றை மாதிரிச் சூழல் ஒன்று இருந்தது உண்மை. அங்கே அதைவிடப் பெரிதாக நடந்தது வேறொன்று: திட்டத்தின் இடரை விமான நிலைய நிறுவனமே தன் தோளில் ஏற்றுக்கொண்டு, ஒப்பந்ததாரர்களை ஒருவர்மேல் ஒருவர் பழிபோடத் தேவையில்லாத கூட்டுக் குழுக்களாக உட்காரவைத்தது. அந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு மாதிரியை மட்டும் கடன் வாங்கிய திட்டங்களில் அதே பலன் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நார்வேயில் 2022இல் முடிந்த 634 மீட்டர் நீள ராண்ட்செல்வா பாலம் தாள் வரைபடம் இல்லாமல், மாதிரியை மட்டுமே கொண்டு கட்டப்பட்டது. அந்தச் சாதனையை நான் மனமாரப் போற்றுகிறேன். வரைபடம் இல்லாத நிலையில் மாதிரிக்குத்தான் ஒப்பந்த மதிப்பு. நம் திட்டங்களில் மாதிரி தகவலுக்கு மட்டுமே, கட்டுவதற்கென ஒப்புதலோடு வெளியிடும் ஜி.எஃப்.சி. வரைபடம்தான் செல்லும் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, தளத்தில் இருப்பவர்கள் மாதிரியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று குறைசொல்கிறோம்.

இன்னொரு கேள்வியை நம் துறை கேட்கவே தயங்குகிறது. கிளவுடின் சாவி யாரிடம்? ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்காக ஒரு மின் நிலையம் கட்டும் திட்டம். ஒப்பந்ததாரர் ட்ரான்ட் இன்ஜினியரிங். வடிவமைப்பு ஆலோசகரான மாட் மெக்டொனால்டே பொதுத் தரவுச் சூழலையும் நடத்தியது. கட்டணத் தகராறு வந்தது. ஒப்பந்ததாரரின் கடவுச்சொற்கள் நிறுத்தப்பட்டன. 2017இல் வழக்கு லண்டன் தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்றத்துக்குப் போனது. தரவைத் திறந்துவிடும்படி நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தகராறில் நியாயம் எந்தப் பக்கம் என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. தாள் காலத்தில் சண்டை வந்தாலும் தளத்து அறையில் வரைபடக் கட்டு இருக்கும், வேலை ஓடும். கிளவுடில் ஒரு சொடுக்கில் மொத்தத் திட்டமும் குருடாகிவிடும். இந்தியச் சட்டச் சூழலில் இதை ஆராய்ந்து கட்டுரை அனுப்பும்படி நானே பலரைக் கேட்டேன். வரவில்லை.

மாதிரிக்குள் நுழைய முடியாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு மாதிரி வழியாகவே அரசு அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கட்டடங்களில் கம்பி கட்டுபவர்களிலும் சென்ட்ரிங் அடிப்பவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர். தளப் பாதுகாப்புப் பயிற்சி அங்கே தமிழிலும் நடக்கிறது, ஏனென்றால் புரியாவிட்டால் உயிர் போகும் என்று அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருங்கிணைப்புக் குறிப்புகளுக்கு அந்தக் கவலையை யாரும் காட்டவில்லை. கடல் கடந்து போவானேன், சென்னைத் தளங்களிலேயே கிளாஷ் குறிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. வாசிக்க வேண்டிய ஃபோர்மேன் தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ சிந்திக்கிறார். அந்த இடத்தில் குழாய் போகாது என்று முதலில் தெரிந்துகொள்பவர் அவர். அவர் தன் குரலில், தன் மொழியில் சொல்வதை அந்த பீமோடு சேர்த்துப் பதிந்துவைக்கும் வசதி இன்றைய கைப்பேசிக்கு எளிது. எந்த ஒப்பந்தமும் அதைக் கேட்பதில்லை.

எனவே முன்மாதிரி ஒப்பந்தம் பற்றிய நாளைய அமர்வுக்கு இரண்டு முன்மொழிவுகளைத் தலைமையின் பெயரால் அனுப்புகிறேன். பொதுத் தரவுச் சூழலை யார் நடத்தினாலும், கட்டணத் தகராறு உட்பட எந்தத் தகராறின்போதும், தரவைப் படிக்கவும் படியெடுத்து வைத்துக்கொள்ளவும் எல்லாத் தரப்பினருக்கும் உள்ள உரிமையை நிறுத்தக்கூடாது என்ற ஒரு விதி. தளத்தில் எடுத்த முடிவை, அது வாட்ஸப்பில் எடுத்ததானாலும், முடிவெடுத்தவர் பெயரோடு மாதிரியில் ஏற்றுவதற்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு கால வரம்பு, அந்த வேலைக்கு விலைப் பட்டியலில் தனி வரி என்று மற்றொரு விதி. இரண்டாவதன் செலவைப் பற்றி ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த எதிர்ப்பு எண்களோடும் தளக் கணக்குகளோடும் வரட்டும். நாளைய அமர்வில் அதற்கு முதல் அரை மணி நேரத்தை ஒதுக்கும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.