புதைகுழியும் பொதுச்சட்டமும்

(றக்வானையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



"முஸ்லிம்களின் சமயப் பிரச்சினையைத் தோட்டத் தமிழர் மேடையில் ஏன் பேசுகின்றீர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

கொரோனாவால் இறந்தோர் எவராயினும் எரிக்கப்படல் வேண்டும் என 2020 ஏப்ரல் 11இல் அதிவிசேட வர்த்தமானி ஒன்று விதித்தது. அன்று சுகாதார அமைச்சராயிருந்தவர் நமது இரத்தினபுரி மாவட்டப் பிரதிநிதி பவித்ரா வன்னியாராச்சி அவர்களே. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் தகும் என உலக சுகாதார நிறுவனம் முன்னரே கூறியிருந்தது. இங்கோ, நிலத்தடி நீர் கெடும் என்றனர். எதிர்த்துத் தொடுத்த மனுக்களை 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காமலே தள்ளியது. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டி மக்கள் தம் துயரைத் தெரிவித்தனர்.

"சட்டம் யாவர்க்கும் பொதுவன்றோ? பாகுபாடு எங்கே?" என்பர் சிலர். எரிப்பதே வழக்கமாய்க் கொண்டவனுக்கு அச்சட்டம் பாரமன்று. புதைப்பதை மார்க்கக் கடமையாய்க் கொண்டவனுக்கோ அது நெஞ்சில் வைத்த நெருப்பு. சட்டம் பொது; சுமையோ ஒருவன் தோளில்!

இது நமக்குப் புதிதா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழனைப் பெயர் சுட்டி விலக்கவில்லை. ஆயினும் நாடற்றவர் ஆனவர் யார்? சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை நம்பி, நமது சபரகமுவையின் றுவன்வெல்லைத் தொகுதியில் வாக்குரிமை கோரிய கோடாக்கன் பிள்ளை இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்றார். 1953இல் அங்கும் கைவிரித்தனர்.

சமயத்தின் பெயரால் எதையும் செய்யலாம் என நான் கூறவில்லை. பிறர்க்குத் தீங்கு உண்டெனில் அதை நிறுவுக. நிறுவிய பின்னரே தடுத்திடுக. கனடா நாட்டிலே சீக்கிய மாணவன் ஒருவன் கிர்ப்பான் அணிந்து பள்ளி செல்வதை முற்றாகத் தடுத்தது செல்லாது என 2006இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. உறையிலிட்டு ஆடைக்குள் தைத்து அணியும் நிபந்தனையே போதும் என்றது. அச்சத்தை ஆராய்ந்து நடுவழி தேடுவதன்றோ மக்களாட்சி!

இங்கு நடந்ததென்ன? 2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நிலத்தடி நீருக்கு அஞ்சியோர் பின்னர் மண்ணைத் தோண்ட அனுமதித்தனர்! எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் எனக் குறித்து, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. சாம்பல் மீண்டும் உடலாகுமா?

தோழர்களே! நம்மில் எத்தனை பேர் பெற்றோரைத் தோட்டத்து மயானத்தில் புதைத்திருக்கின்றோம்! அம்மண்ணின் உறுதிப்பத்திரம் நம் கையில் உண்டா? நாளை ஒரு வர்த்தமானி அக்குழிகளையும் மூடலாம். அன்று நமக்காகப் பேச ஒருவர் வேண்டுமெனில், இன்று அயலானுக்காக நாம் பேசுவோம். நாம் கேட்பது சலுகையன்று. நியாயம் காட்டாத தடை எவர் மீதும் விழலாகாது என்னும் உரிமையே!