ஊசி பிடிக்கும் பையன்



பையன் ஊசியில் நூல் கோத்தால் நாம் சிரிக்கிறோம். "பொம்பளைப் பிள்ளை வேலை உனக்கு எதுக்குடா?" என்று பிடுங்கி வைக்கிறோம். நம் சட்டையைத் தைக்கும் தையல்காரர் ஆண்தானே? காஷ்மீர் சால்வையில் ஊசியால் பூ வேலை செய்கிறவர்களிலும் ஆண்கள் நிறையப் பேர்.

ராஜஸ்தானில் கட்புதலி என்று ஒரு பொம்மலாட்டம். பாட் சமூகத்தார் அதைக் குடும்பத் தொழிலாகச் செய்கிறார்கள். மாமரக் கட்டையில் தலை செதுக்குவார்கள். துணியால் உடம்பு தைப்பார்கள். உள்ளே கந்தல் துணி அடைப்பார்கள். பொம்மைக்குக் காலே கிடையாது! நீளப் பாவாடை அதை மறைத்துவிடும். கயிற்றை விரலில் கட்டி ஆட்டினால் ராஜா நடப்பார், குதிரை ஓடும். அங்கே பையன்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே கற்கிறார்கள்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பள்ளிகளில் பையன்களும் தக்ளியில் நூல் நூற்றார்கள். நூலை எண்ணும்போதே கணக்கும் படிக்கலாம். நல்ல யோசனைதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆசைக்குத் தைப்பது வேறு. பள்ளியை நிறுத்திச் சரிகைப் பட்டறையில் உட்கார வைப்பது வேறு. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அப்படி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கண்ணும் கெடும், முதுகும் வளையும்.

வீட்டில் கிழிந்த வேட்டி இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு முழம் கொடுங்கள். உள்ளே அடைக்கக் கொஞ்சம் பஞ்சு. கண்ணுக்கு இரண்டு பொத்தான். மூக்கை அவனே யோசிப்பான்.