தட்டில் வையுங்கள், டம்ளரில் வேண்டாம்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, வெயிலில் வேலை முடித்து விடுதிக்குத் திரும்புகிறவனுக்கு ஒரு டம்ளர் தர்பூசணி ஜூஸ் கொடுத்தால் உயிரே வரும் என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். சிங்கப்பூரின் கிராஞ்சி வெயில் எனக்கும் தெரியும்.

ஆனால் ஜூஸ் கடை வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். நாலு பெரிய கீற்று பிளெண்டருக்குள் விழுகிறது. பின்னாலேயே ஐஸ், ஒரு கரண்டி சீனிப்பாகு. அப்புறம் வடிகட்டி. சக்கை குப்பைக்கு. இரண்டே நிமிடத்தில் டம்ளர் காலி! அந்த நாலு கீற்றையும் உட்கார்ந்து கடித்துத் தின்னச் சொல்லுங்கள், தம்பி மூன்றாவதிலேயே போதும் அண்ணே என்பார். சுகாதார மேம்பாட்டு வாரியக் கணக்கில் ஒரு பங்கு என்பது ஒரே கீற்று, 130 கிராம். நாளுக்கு இரண்டு பங்கு பழம் போதும்.

"தின்றாலும் அதே சர்க்கரைதானே?" என்று அடுத்து வருவார்கள். அதே இல்லை ஐயா! உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் பழச்சாற்றின் சர்க்கரையைத் தேனோடும் சீனிப்பாகோடும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. முழுப் பழத்துக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை. நீரிழிவு மீது 2016-லேயே போர் அறிவித்த நாடு இது. நம்மவர் வீட்டில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எது? 2023 கடைசியிலிருந்து கடையில் கலக்கித் தரும் பானத்துக்கும் ஏ, பி, சி, டி என்று மார்க் போடுகிறார்கள். கீற்றுக்கு யாரும் மார்க் போடவில்லை.

சரி, சத்துக்கு வருவோம். தர்பூசணியின் சிவப்பு லைக்கோபீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி. 100 கிராமில் ஏறக்குறைய நாலரை மில்லிகிராம், சமைக்காத தக்காளியைவிட அதிகம். முலாம்பழத்தில் ஆரஞ்சுச் சதையில்தான் பீட்டா கரோட்டின். வெளிர்பச்சை ஹனிடியூ வகையில் அது பெயருக்குத்தான். சாற்றிலும் இவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிறம் சதையோடு ஒட்டியது. சக்கையை வடிகட்டினால் அதில் ஒரு பகுதி குப்பைத் தொட்டிக்கு!

இன்னொன்று. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2006-ல் சொன்னது: வெட்டாத தர்பூசணியை 21 டிகிரியில் 14 நாள் வைத்திருந்தபோது லைக்கோபீன் கூடியது, குளிரில் வைத்த பழத்தில் அந்த அளவுக்குக் கூடவில்லை. (21 டிகிரி நம் வீட்டுத் தரைக்குக் கனவு, அது வேறு கதை.) பாட்டி பழத்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாளே, அவளை நாம் கேலி செய்தோம்! ஜொகூர் பாலம் தாண்டி வரும் பழத்தை வாங்கினால் வெட்டும்வரை வெளியே இருக்கட்டும். வெட்டியபின் மட்டும் குளிர்சாதனப் பெட்டி.

சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவில் உள்ள வெள்ளையையும் எறியாதீர்கள். அதில் சிட்ரலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதற்குப் பெயர் வந்ததே தர்பூசணியின் அறிவியல் பெயரான சிட்ரல்லஸிலிருந்துதான். பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். சுரைக்காய் என்று சொன்னால் வீட்டுக்காரர் நம்பிவிடுவார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்லும்முன் பின்மேசையில் வெட்டி வைத்திருக்கும் தர்பூசணியில் ஒரு கீற்று எடுத்துக் கடியுங்கள். டம்ளரில் தண்ணீர் இருக்கட்டும், அது போதும்.