பெட்டிமுடி: துக்கத்துக்கும் நிலம் வேண்டும்



நாம் கூடியிருக்கும் இந்தப் புளியறை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் கேரளத்திலேயே நின்றது. அந்தத் தேவிகுளத்து மலையில் மாண்டுபோன நம் சனங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. விடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை.

நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் உடலை வாசலில் கிடத்துவோம். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். நீர்மாலை எடுப்போம், பதினாறாம் நாள் படைப்போம். பெட்டிமுடியில் உடலைக் கிடத்த வாசலே மிஞ்சவில்லை. கொரோனா காலம், உறவினர்கள் எல்லை தாண்டவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உடல்களை ராஜமலையில் மொத்தமாக அடக்கம் செய்தார்கள். இன்றும் சொந்தக்காரர்கள் ஆகஸ்ட் 6 அன்று அங்கேதான் பூ வைக்கப் போகிறார்கள்.

இதை இயற்கைப் பேரிடர் என்கிறார்கள். மழை இயற்கைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல், வேலை இருக்கும்வரை லயம், ஓய்வு பெற்றால் வெளியே என்று வைத்திருப்பது இயற்கையா?

மறுநாளே கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே இறந்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் இறந்தவர்கள் மீது நமக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் பிழைக்கப் போன சனங்கள்தான். இரண்டு சாவுக்கு இரண்டு விலை வைத்தது யார் என்பதே கேள்வி. ஆகஸ்ட் 13 அன்று முதலமைச்சர் வந்தபோது, பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில் முன்னின்ற கோமதி நிலமும் வீடும் கேட்டார். அவரைக் கைது செய்தார்கள்.

1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தோம். அது மழை செய்த சாவு அல்ல, போலீஸ் தடியடியில் நேர்ந்தது. ஆண்டுதோறும் ஆற்றில் பூத்தூவுகிறோம். அதனால்தான் மாஞ்சோலைத் தொழிலாளியின் கூலிக் கோரிக்கையும் மறக்கப்படாமல் இருக்கிறது. பெட்டிமுடிக்கும் அதைச் செய்வோம். ஆகஸ்ட் 6 அன்று உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் அந்த 70 பெயர்களையும் உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கோமதி கேட்டதையே நாமும் கேட்போம்: நிலம் எங்கே?

ஜெய்பீம்.