சர்க்கரைத் தீவுகளின் சரித்திரம்



ஒரு நாட்டின் சரித்திரத்தை அந்நாட்டை ஆண்ட அன்னியரே எழுதி வைத்திருந்தால், அந்நாட்டு மக்களை அதில் எங்கே தேடுவது? மேற்கிந்தியத் தீவுகளின் வரலாற்றைப் பயிலப் புகுவோர்க்கு முதலில் எழும் வினா இதுவே.

அத்தீவுகளின் பழைய ஏடுகளைப் புரட்டினால், கவர்னர்களின் கடிதங்களும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கணக்குகளுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளோ, அக்கணக்குகளில் கால்நடைகளோடு சேர்த்து விலை குறிக்கப்பட்ட உடைமைகளாகவே காட்சியளிக்கின்றனர்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் ஒருவர், டிரினிடாட்டில் பிறந்த எரிக் வில்லியம்ஸ். பிரிட்டிஷார் அடிமை முறையை ஒழித்தது கருணையினால் மட்டுமன்று, அதனால் வந்த ஆதாயம் குன்றியதும் காரணம் என்று 1944-ல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதித்தார். அம்முடிவைப் பற்றி அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். ஆயினும், கேள்வி கேட்கும் உரிமையை அவர் தம் மக்களுக்கு ஈட்டித் தந்தார். போர்ட் ஆப் ஸ்பெயின் நகரின் உட்போர்டு சதுக்கத்தில், திறந்த வெளியில், பாமரருக்கும் சரித்திரம் போதித்தார். 1962 ஆகஸ்டு 31-ல் நாடு விடுதலை பெற்றபோது அவரே பிரதமர். தம் மக்களின் வரலாற்றையும் அவ்வாண்டிலேயே நூலாக வெளியிட்டார்.

ஏடுகள் கூறாததை இசை கூறும். 1880-களில் அதிகாரிகள் முரசொலிக்குத் தடை விதித்தனர். மக்கள் மூங்கிற் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டிப் பதப்படுத்தி, அவற்றில் ஸ்வரங்களையே பிறப்பித்தனர். 'ஸ்டீல் பான்' என்னும் அவ்வாத்தியத்தின் கதையும் சரித்திரமே அன்றோ?

நமக்கும் அத்தீவோடு ஓர் உறவு உண்டு. 1845 முதல் 1917 வரை, ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறினர். சென்னையில் ஏறியோரும் உண்டு, அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்களது தமிழ் அங்கு வீட்டு மொழியாக நிலைக்கவில்லை. இன்று அவர்தம் சந்ததியார், தந்தை பெயரும் பிறந்த ஊரும் பதிந்த பழைய குடியேற்ற ஏடுகளில் தம் மூதாதையரைத் தேடுகின்றனர். கூலிகளை எண்ணுவதற்காக எழுதப்பட்ட ஏடு, பேரர்களுக்கு வம்சாவளியாகிவிட்டது!

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே, நம் பாட்டனார் எந்த ஊரினர், எதற்காகப் புறப்பட்டனர் என்பதை நாம் எழுதி வைத்திருக்கிறோமா? சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.